சம்பந்திக்கு வைத்த இலை

அம்பலவாணர் செத்து, வருகிற வெள்ளிக்கிழமையோடு ஒரு வருடம். அவர் மேல் கதிரவேலருக்கு இருந்த எரிச்சல் மட்டும் இன்னும் திடகாத்திரமாக இருந்தது. கதிரவேலரிடம் திடகாத்திரமாக மிஞ்சியிருந்ததும் அது ஒன்றுதான். இடக்கால் பெருவிரல் கறுத்துப்போய் இரண்டு மாதம். பல்லுச் செட்டைக் கழுவித் தருகிறோம் என்று வாங்கிக்கொண்டு போனார்கள். அது எந்த வாய்க்குப் போனதோ தெரியாது. பேன் என்று சொல்லிப் போன கிழமை எல்லாருக்கும் மொட்டை அடித்தார்கள். கண்ணாடி இல்லாத இடம். தன் முகம் எப்படி இருக்கும் என்பதை அடுத்த கட்டில்காரர்களின் முகங்களைப் பார்த்து ஊகித்துக்கொண்டார். ஊகம் திருப்தியாக இல்லை.

பொன்மாலை முதியோர் இல்லம் சுன்னாகம் சந்தையிலிருந்து சைக்கிளில் பத்து நிமிடம். முந்தி ஒரு வெங்காயத் தோட்டக்காரரின் வீடு. அவர் பிள்ளைகளோடு சுவிசுக்குப் போக, வீட்டில் இருபத்திரண்டு கட்டில்கள் போட்டார்கள். பொறுப்பாக இருந்தவள் பத்மாசினி. பகலில் வேலைக்கு நின்றவள் லவீனா ஒருத்தி. லவீனா கெட்ட பிள்ளை இல்லை. இருபத்திரண்டு பேரைக் கழுவித் துடைத்துச் சோறு தீத்திக்கொண்டு கடைசிக் கட்டிலுக்கு வரும்போது மத்தியானமாகிவிடும். அதற்குள் முதல் கட்டில் மறுபடி நனைந்திருக்கும். இதற்குப் பத்மாசினி ஒரு வழி கண்டுபிடித்தாள். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு ஒருவருக்கும் தண்ணீர் இல்லை. படுக்கைகள் காய்ந்தன. நாக்குகளும் காய்ந்தன.

இல்லத்தில் சமையல் இரண்டு வகை. செத்தவர் இல்லாத நாளில் குழைந்த சோறும், பருப்பைத் தூரத்திலிருந்து கண்ட ஒரு தண்ணீரும். செத்தவர் உள்ள நாளில் வடை பாயாசத்தோடு இலைச் சாப்பாடு. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் தாய் தகப்பனின் ஆட்டைத் திவசத்துக்கு, அதாவது வருடத் திதிக்கு, இப்படியான இல்லங்களில் அன்னதானம் கொடுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. கொடுத்ததற்குச் சாட்சி வேண்டும். அதனால் படம் எடுத்து அனுப்புவார்கள். படத்துக்கு நிமிர்ந்து இருந்து சிரிக்கக்கூடியவர்களைக் குளிக்கவார்த்து, திருநீறு பூசி, வெள்ளைச் சேட்டுப் போட்டு மண்டபத்தில் இருத்துவார்கள். நிமிர முடியாதவர்களையும் மணக்கிறவர்களையும் விடிய ஆறு மணிக்கே பின்னுக்கு இருந்த பழைய வெங்காய அறைக்குள் கொண்டுபோய் விட்டுக் கொண்டியைப் போட்டுவிடுவார்கள். படமெல்லாம் முடிந்து, பந்தி முடிந்து, பாத்திரம் கழுவும்போது அவர்களின் ஞாபகம் வரும். அன்றைக்குப் பாத்திரத்தில் ஏதும் மிஞ்சியிருந்தால் அது அவர்களின் நல்ல காலம்.

கதிரவேலர் வந்த புதிதில் முன்வரிசைக்காரர். கால் மணக்கத் தொடங்கிய பிறகு வெங்காய அறைக்காரர்.

திங்கட்கிழமை பின்னேரம் அந்தப் பதாகை வந்தது. சோழகக் காற்றுப் புழுதியை அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்த நேரம். பத்மாசினி ஒரு நுனியையும் லவீனா மறு நுனியையும் பிடித்து விறாந்தையில் விரிக்க, ஆறடி நீளத்துக்கு அம்பலவாணர் சிரித்துக்கொண்டு வெளியே வந்தார். கோட்டும் கழுத்துப்பட்டியும். பின்னால் லண்டன் பாலம். கீழே, 'எங்கள் அன்பு அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவு.' அதற்கும் கீழே, 'உதயகலா, சுபாஸ்கரன் குடும்பத்தினர், லண்டன்.'

உதயகலா கதிரவேலரின் மருமகள். சுபாஸ்கரன் அவருடைய ஒரே மகன். அம்பலவாணர் அவருடைய சம்பந்தி.

கதிரவேலர் குதிக்காலில் நடந்து வந்து 'அப்பா' என்ற சொல்லை இரண்டு தரம் வாசித்தார். மாமா என்றல்லவா இருக்கவேண்டும் என்று மூன்றாந்தரமும் வாசித்தார். அச்சுக்காரன் பெரிய எழுத்தில்தான் அடித்திருந்தான்.

"பிள்ளை, உது என்ரை சம்பந்தி," என்றார்.

பத்மாசினி பதாகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஓம் ஐயா. போன மாசம் நோர்வேக்காரரின்ரை அம்மா உங்கடை மச்சாள். அதுக்கு முதல் மாசம் நெல்லியடி ஓவசியர் உங்களோடை படிச்சவர்."

"அது வடைக்குச் சொன்னது."

"அப்ப இது பாயாசத்துக்கோ?"

"சுபாஸ்கரன் என்ரை பெடியன், பிள்ளை. பெத்தவன் நான் சொல்லுறன்."

"உங்கடை பதிவிலை மயூரதன் எண்டெல்லோ கிடக்குது."

"மயூரதன் என்ரை தங்கச்சியின்ரை பெடியன். அவன் தான் கொண்டுவந்து சேர்த்தவன். ஞாயிற்றுக்கிழமையிலை போனைக் கொண்டுவந்து மகனோடை கதைக்க வைக்கிறவன். அவன் உங்கை ருமேனியாவுக்கு வேலைக்குப் போய் ஏழு மாசம்."

"லண்டனாலை எடுக்கிறவைக்கெல்லாம் நான் பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறன் ஐயா. எல்லாரும் நல்லாயிருக்கினம், நித்திரை எண்டு." அவள் பதாகையைச் சுருட்டினாள். "இஞ்சை இருக்கிற இருபத்திரண்டு பேரும் செத்தவைக்குச் சொந்தக்காரர்தான். உயிரோடை இருக்கிறவைக்குத்தான் ஒருத்தரும் சொந்தமில்லை."

லவீனாவுக்குச் சிரிப்பு வந்தது. அவள் அன்றைக்குச் சிரித்தது அந்த ஒரு தரம்தான்.

பத்மாசினியைக் குறை சொல்ல முடியாது. அந்த இல்லத்தில் எல்லாரும் செய்கிற தந்திரம் அது. செத்தவருக்கு உறவு என்று சொன்னால் மண்டபத்தில் முன் கதிரை, இரண்டாம் வடை. கதிரவேலர் நோர்வே மச்சாளுக்காகக் கண்ணீர்கூட விட்டவர். பொய்யை நேர்த்தியாகச் செய்து முடித்த மனிதருக்கு உண்மை கைவரவில்லை.

அவருடைய கட்டிலுக்கு அடுத்த கட்டில் ஜெபரட்ணம் மாஸ்ரருடையது. மிஷன் பள்ளிக்கூடமொன்றில் முப்பத்திநாலு வருடம் கணக்குப் படிப்பித்தவர். இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை. முதுகில் படுக்கைப் புண். ஒரு பக்கமாகவே படுத்திருந்ததால் அவருக்கு உலகத்தில் தெரிந்தது கதிரவேலர் மட்டும்.

"என்ன காணும், முகம் கறுத்துக் கிடக்குது?"

"அவன் இஞ்சையும் வந்திட்டான் மாஸ்ரர்."

"ஆர்?"

"அம்பலவாணன்."

"அவர் செத்தவரெல்லோ."

"செத்தும் வந்திட்டான்."

மாஸ்ரருக்கு அம்பலவாணரைப் பற்றித் தெரியாத விசயம் எதுவுமில்லை. பத்து மாதமாகக் கேட்டுவருகிறார். கலியாணத்தன்று பெண் வீட்டார் போட்ட வடையில் உப்புக் கூட. அதைக் கதிரவேலர் பந்தியிலேயே சொன்னார். மறுநாள் சொன்னார். பிறகு பத்தொன்பது வருடமாக ஒவ்வொரு கொண்டாட்டத்திலும் சொன்னார். பேத்தியைத் தொட்டிலில் போட்ட நாளில் சுபாஸ்கரன் கையெடுத்துக் கும்பிட்டு, 'அப்பா, உந்த வடைக் கதையை விடுங்கோ' என்று கேட்டுக்கொண்டான். அவர் விடவில்லை. அம்பலவாணர் ரெயில்வேயில் ஸ்டேசன் மாஸ்ரராக இருந்தவர், பென்சன்காரர், இரண்டு தரம் லண்டன் போய் மகள் வீட்டில் ஆறு ஆறு மாதம் நின்றவர். ஒவ்வொரு தரமும் ஒவ்வொரு கோட்டோடு திரும்பி வந்தவர்.

"உம்மையும் மகன் கூப்பிட்டவன் எண்டு சொன்னீர்."

"கூப்பிட்டவன்."

"பிறகேன் போகேல்லை?"

"வெங்காயத்துக்குத் தண்ணி கட்டுறது ஆர் எண்டு கேட்டனான்."

"பிறகு?"

"பிறகு அவன் கூப்பிடேல்லை." கதிரவேலர் கால் விரலைப் பார்த்தார். "ரெண்டாந்தரமும் கேப்பான் எண்டு நினைச்சன். கேட்டிருந்தால் போயிருப்பன். ஒருக்கால் வேண்டாம் எண்டு சொல்லுறது மரியாதைக்கெல்லோ."

"சம்பந்தியும் மரியாதைக்கு வேண்டாமெண்டு சொன்னவரோ?"

"அவன் முதல் கேள்வியிலையே பெட்டி அடுக்கினவன்."

மாஸ்ரர் விடவில்லை. "சாவு எப்பிடி?"

"தெரியாதமாதிரிக் கேக்கிறீர். தன்ரை வீட்டிலை, தன்ரை கதிரையிலை, தேத்தண்ணி குடிச்சு முடிச்சு, பேப்பரை மடிச்சு வைச்சுப்போட்டு. ஒரு சத்தமில்லை."

"ரெயில்வேக்காரர். நேரத்துக்குப் போயிருக்கிறார்."

"சாவிலையும் முதலாம் வகுப்பு," என்றார் கதிரவேலர். அவருடைய குரலில் இருந்தது துக்கம் இல்லை என்று மாஸ்ரருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. "இப்ப பாரும். என்ரை பெடியன் சோறு குடுக்கிறான். நான் இருக்கிற இடத்திலை குடுக்கிறான். ஆருக்கு? அவனுக்கு."

"நீரும் சாப்பிடலாமெண்டு நினைச்சுத்தான் இஞ்சை குடுக்கிறானோ தெரியாது."

இது கதிரவேலருக்கு அதுவரை தோன்றியிருக்கவில்லை. தோன்றியதும் நெஞ்சுக்குள் ஏதோ கொஞ்சம் இளகியது. அந்த இளக்கம் அவருக்குப் பழக்கமில்லாததாகையால் உடனே வேறு பக்கம் போனார்.

"அப்ப, அவனுக்குப் படைச்ச மிச்சம் எனக்கு."

"நீர் திருந்தமாட்டீர்."

"படம் எடுப்பினம். அதைப் பெடியன் பாப்பான். முன்வரிசையிலை நான் இருக்கவேணும். இந்தக் காலை இப்பிடி நீட்டிக்கொண்டு." அவர் நீட்டிக் காட்டினார். மருந்து கட்டி எட்டு நாள். சீலை மஞ்சளாகியிருந்தது. "ஒருக்கால் கண்டானெண்டால் போதும். பிறகு உவள் நித்திரை எண்டு சொல்லேலாது."

வியாழக்கிழமை முழுவதும் அவர் முன்கதிரைக்கு வேலை செய்தார். லவீனாவிடம் கெஞ்சினார். தானே கிணற்றடிக்குப் போய்க் காலைக் கழுவப் பார்த்து விழுந்தார். லவீனா தூக்கிக்கொண்டு வந்து கட்டிலில் போட்டாள்.

"ஐயா, நான் ஒருத்தி. நீங்கள் விழுந்தால் பெரியாஸ்பத்திரிக்கு ஆர் கொண்டோறது? சொல்லுங்கோ."

"என்னை மண்டபத்திலை இருத்து பிள்ளை. வேறை ஒண்டும் வேண்டாம்."

"மணக்குது ஐயா," என்றாள் லவீனா. அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். கதிரவேலருக்கு அவள் கோபமாகச் சொல்லியிருக்கலாம் என்று பட்டது.

வெள்ளிக்கிழமை விடிய ஆறு மணிக்கு அவருக்குச் சீனி வருத்தக் குளிசை கொடுத்தாள். வாயைத் திறந்து காட்டச் சொல்லி, விழுங்கினாரா என்றும் பார்த்தாள். அதில் அவள் கவனம். பிறகு வெங்காய அறை.

நாலு பேர். மாஸ்ரரைக் கட்டிலோடு இழுத்து வந்து விட்டிருந்தார்கள். மற்ற இருவரும் பாயில். அவர்கள் பேசி மாதங்கள் ஆகின்றன. அஸ்பெஸ்ரஸ் கூரை எட்டு மணிக்கே காய்ந்துவிட்டது. கூரை வளையில் இன்னும் பழைய வெங்காயப் பிடிகள் கட்டின கயிறுகள் தொங்கின.

காலைச் சாப்பாடு வரவில்லை. திவச நாளில் செத்தவருக்குப் படைக்காமல் உயிரோடு இருப்பவர்கள் வாய் வைக்கக்கூடாது. பத்மாசினி மிகவும் ஆசாரமானவள்.

ஒன்பது மணிக்குக் கத்தரிக்காய் வதங்கியது. பத்து மணிக்கு வாழைக்காய் பொரிந்தது. கதிரவேலர் மூக்கால் ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்தார்.

"மோர்மிளகாயும் பொரிக்கிறாளவை. அவனுக்கு மோர்மிளகாய் எண்டால் உயிர்."

"எங்கடை ஆக்கள் செத்தால் ஒரு கேக்குத் துண்டும் பிளேன்ரீயும்தான்," என்றார் மாஸ்ரர். உதடு வெடித்திருந்தது. "இப்ப அந்த பிளேன்ரீ வந்தாலும் போதும்."

"பயறு வறுக்கிறாள். பாயாசம்."

"கதிரவேலர், நிப்பாட்டும் காணும்."

பதினொன்றரைக்குக் கதிரவேலரின் கை நடுங்கத் தொடங்கியது. மொட்டைத் தலையிலிருந்து வேர்வை ஓடியது.

"மாஸ்ரர், கை நடுங்குது."

"கோவத்திலையோ, சீனி இறங்கியோ?"

"வித்தியாசம் தெரியேல்லை."

மாஸ்ரர் முதல் தடவையாகப் பகிடி விடவில்லை. "வெறும் வயித்திலை குளிசை போட்டிருக்கிறீர். கதவைத் தட்டும். கெதியாத் தட்டும்."

தட்டினார். கன நேரம் கழித்து லவீனாவின் குரல் கதவுக்கு வெளியே மூச்சு வாங்கியது.

"கொஞ்சம் பொறுங்கோ ஐயா. லண்டன்காரர் வீடியோவிலை நிக்கினம். காகம் சாப்பிடுறதைப் பாக்கவேணுமாம். காகம் எடுத்தால்தான் பந்தி வைக்கலாம்."

"எனக்கு ஒரு பிடி சீனி தா பிள்ளை."

"இந்தா, காகத்துக்கு இலையை வைச்சுப்போட்டு வாறன். முன்னுக்கு வைச்சால் நாய் இழுத்திடும்."

அவள் போனாள். கதிரவேலர் பலகைச் சுவரில் இருந்த இடுக்கால் பார்த்தார். வெங்காயம் அவியாமல் இருக்கக் காற்றுக்கு விட்ட இடுக்கு. பின் வளவில், தண்ணீர்த் தொட்டியின் கட்டுச் சுவரின் மேல், லவீனா தலைவாழையிலை ஒன்றை வைத்து நாலு மூலைக்கும் கல் வைத்தாள். சோறு. அதன் மேல் பருப்பு, நெய். கத்தரிக்காய்க் குழம்பு, பொரியல், அப்பளம், மோர்மிளகாய். இரண்டு வடை. ஒரு சின்னக் கோப்பையில் பாயாசம். காகத்துக்கு ஒரு பிடி வைப்பது வழக்கம். லண்டனில் இருந்து பார்ப்பதால் முழுச் சாப்பாடு.

"கா... கா... கா..." என்று லவீனா கூப்பிட்டாள். சோழகம் பனைகளைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. ஒரு காகமும் இல்லை. எல்லாம் சந்தைப் பக்கம் போயிருக்கும். பத்மாசினி முன்னுக்கிருந்து சத்தம் வைக்க, லவீனா அவசரமாக ஓடினாள். சீனி ஞாபகம் அவளோடு ஓடிவிட்டது.

கதிரவேலர் இலையைப் பார்த்தார். ஐம்பது வருடம் தோட்டம் செய்தவருக்கு அவருடைய வீட்டில்கூட ஒருவரும் இப்படி இலையின் நாலு மூலைக்கும் கல் வைத்துப் பரிமாறியதில்லை.

"வரவே மாட்டான்," என்றார். "ரெண்டு கையாலையும் தின்னுறவன். இண்டைக்குப் பிகு பண்ணுறான்."

"ஆர்?"

"அம்பலவாணன்."

வெங்காய அறைக்குப் பின் கதவு ஒன்று இருக்கும். காற்றோட்டத்துக்கு. அது எங்கே இருக்கும், எப்படிக் கட்டியிருக்கும் என்று வெங்காயக்காரனுக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. கதிரவேலர் காலியாகக் கிடந்த சாக்குகளை ஒதுக்கினார். கம்பியால் முறுக்கியிருந்தார்கள். நடுங்குகிற விரலால் அதை அவிழ்க்க நெடுநேரம் எடுத்தது.

"எங்கை காணும் போறீர்?"

"காகத்துக்குப் பதிலா."

வெயில் கண்ணில் அடித்தது. தொட்டிக்கட்டு ஐந்து பாகம், முப்பதடி தூரம். மூன்று தரம் நின்று போனார். முதலில் பாயாசத்தைக் குடித்தார். பிறகு தொட்டிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார். இனிப்பு உள்ளே இறங்குவது தெரிந்தது. பிறகு சோற்றில் கை வைத்தார். நெய்ச் சோறு. பல் இல்லாத வாய்க்கு அதைவிட இசைவான சாப்பாடு இல்லை. ஒரு வடையை எடுத்து மடிக்குள் வைத்தார். மற்றதைப் பிட்டுப் பல்முரசால் அரைத்தார்.

அப்போதுதான் பத்மாசினி போனை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு வீட்டு மூலையால் திரும்பினாள்.

"இந்தா தங்கச்சி, இப்ப பாருங்கோ, அப்பா வந்து..."

அப்பா வரவில்லை. ஒரு மொட்டைக் கிழவன் இலைக்கு முன்னால் நின்று தின்றுகொண்டிருந்தான்.

"ஐயோ, ஆர் அது?" போனுக்குள் உதயகலாவின் குரல். லண்டனில் காலை ஏழரை. "அக்கா, அப்பாவின்ரை இலையெல்லோ அது."

"அது... அது எங்கடை ஆள் இல்லை தங்கச்சி. பக்கத்து வளவாலை ஏறி வந்திருக்கவேணும். லவீனா!"

கதிரவேலர் மெல்லுவதை நிறுத்தினார். போன் அவரை நோக்கித்தான் இருந்தது. அதற்குள், மருமகளின் தோளுக்குப் பின்னால், வேலைக்குப் போகிற சேட்டோடு ஒரு முகம் வந்து எட்டிப் பார்த்தது. தலை நரைத்திருந்தது. ஏழு மாதத்துக்கு முன் அவ்வளவு நரை இல்லை.

அவர் வாயைத் துடைத்துக்கொண்டு நேராக நின்றார். படத்துக்கு நிற்பதுபோல.

"பாவம், ஆரோ வயசாளி," என்றது அந்த முகம். "விடுங்கோ அக்கா, ஏசாதேங்கோ. பசியாக்கும். வடிவாச் சாப்பிடட்டும். காகத்துக்கு வேறை இலை வையுங்கோ. பேந்து என்ரை அப்பாவை ஒருக்கால் காட்டுங்கோ. மயூரதன் போனதுக்குப் பிறகு நான் காணவேயில்லை. எப்ப எடுத்தாலும் நித்திரை."

நல்ல பிள்ளை. நல்லாகத்தான் வளர்த்திருந்தார். கதிரவேலர் அப்படியே நின்றார். நான்தான் என்று சொல்ல ஒரு மூச்சுக்கூடச் செலவில்லை. ஆனால் பெற்ற பிள்ளையிடம் போய் நான் இன்னார் என்று எப்படிச் சொல்வது? அம்பலவாணருக்கு அந்தத் தேவை வந்ததே இல்லை. ஆறடியில் கோட்டோடு சிரித்துக்கொண்டு நிற்கிறார். கீழே பெயரும் போட்டிருக்கிறது.

அந்த எண்ணம் வந்ததும் அவருக்கு வழக்கமான கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடு வழக்கமான பேச்சும் வந்தது.

"வடைக்கு உப்புக் கூட," என்றார் போனைப் பார்த்து. "உன்ரை கலியாணத்திலையும் இதே உப்புத்தான். சொன்னால் கேக்கமாட்டாய். பரம்பரையா உப்புத் தின்னுற சனம்."

போனுக்குள் ஒரு தேத்தண்ணிக் கோப்பை எதிலோ மோதுகிற சத்தம் கேட்டது.

பத்மாசினி போனைத் தன் சீலைப் பக்கம் திருப்பப் பார்த்தாள்.

"திருப்பாதேங்கோ," என்றது குரல். "அக்கா, போனைத் திருப்பாதேங்கோ. கீழை பிடியுங்கோ. அந்தக் காலைக் காட்டுங்கோ." பிறகு, "அந்தக் கதவுக்குள்ளை கட்டிலிலை கிடக்கிறது ஆர்? எத்தினை பேர் அதுக்குள்ளை?"

பத்மாசினி போனை அப்படியும் இப்படியும் திருப்ப, லண்டனுக்கு எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. மஞ்சள் சீலை. கறுத்த விரல். திறந்து கிடந்த கதவு. கட்டில் விளிம்பில் மாஸ்ரரின் கை.

"அப்பா," என்றது போன்.

கதிரவேலர் இலைப் பக்கம் திரும்பியிருந்தார்; போன் பக்கம் திரும்பவில்லை. மண்டபத்து வாசலில் சோழகத்துக்குப் பதாகை படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சொல் அங்கே பெரிய எழுத்தில் இருந்தது. அதற்கு உரியவரின் முகமும் பக்கத்திலேயே இருந்தது. அவர் இலையில் ஒட்டியிருந்த சோற்றை விரலால் வழித்து எடுத்தார்.

"அப்பா!"

வெங்காய அறைக்குள்ளிருந்து, மூன்று வகுப்பறைக்குக் கேட்கப் பழகிய குரலில் மிஞ்சியிருந்த கடைசித் துண்டால், மாஸ்ரர் கூப்பிட்டார்.

"கதிரவேலர், இந்த முறை உம்மைத்தான் காணும்."